மாமனாரின் கால் அறிந்த தரை

திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் எங்கள் பழைய வீட்டை இரண்டு வருடங்களுக்கு முன் புதுப்பித்தோம். தேக்குத் தூண், மர மச்சு, கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் எதையும் மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். கூடத்தின் சிவப்பு சிமெண்டுத் தரை மட்டும் வெடித்துக் கிடந்தது.

"தரை போயி சேச்சி, டைல்ஸ் போட்டா மதி" என்றார் மலையாளி காண்ட்ராக்டர். டைல்ஸே போதும் என்று நானும் சரி என்றேன்.

வேலை முடியும்வரை மாமனார் நாகர்கோவிலில் நாத்தனார் வீட்டில் இருந்தார். அவருக்குப் பல வருடங்களாகவே கண் தெரியாது. ஆனாலும் வீட்டுக்குள் யார் துணையும் இல்லாமல் நடப்பார்.

திரும்பி வந்தவர் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். உள்ளே நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். காலால் தரையைத் துழாவினார்.

"யாராத்துக்கு அழைச்சுண்டு வந்திருக்கே?"

"நம்மாத்துக்குத்தான் அப்பா."

"இங்க ஒரு விரிசல் உண்டே. அத மிதிச்சாத்தானே நான் என் ரூமுக்குத் திரும்புவேன்."

கண்ணில் பட்டதை எல்லாம் காப்பாற்றியிருந்தேன், அவ்வளவுதான்.

அதன்பின் அவர் தனியாக நடக்கவே இல்லை. யாராவது வந்து கையைப் பிடிக்கும்வரை கட்டிலில் காத்திருப்பார். சென்ற மழைக்காலத்தில் போய்விட்டார். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் இன்னமும் பாராட்டுகிறார்கள். எனக்குத்தான் கேட்கப் பிடிப்பதில்லை.

இப்போது பின்கட்டில் வேலை நடக்கிறது. ஆட்கள் எதில் கைவைக்கும் முன்பும் நான் கண்ணை மூடிக்கொண்டு அங்கே வெறுங்காலோடு நடந்து பார்க்கிறேன். கிணற்றடியில் தரை லேசாகக் குழிந்திருந்தது. சமன் செய்யட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தினமும் அவர் நின்று கால் கழுவிய இடம் அது. அவர் கால் பட்டுத் தேய்ந்ததாக இந்த வீட்டில் இனி அது ஒன்றுதான் இருக்கிறது.