ஸ்கேன் அறை வாயாடி

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது ஸ்கேன் எடுக்கும் வேலை. சம்பளம் இல்லாமல் செய்வது பேச்சு.

கர்ப்பிணி படுக்கையில் ஏறியதும் வயிற்றில் ஜெல்லைத் தடவுவாள். கருவியை அடிவயிற்றின் ஓரத்தில் சாய்த்து அழுத்தி, ஸ்பீக்கரைக் கூட்டுவாள். அறை முழுக்க இரைச்சல் கிளம்பும். "பாப்பாவோட இதயமா?" என்று கேட்காத பெண்ணே இல்லை.

"இது உன்னோட ரத்தம்மா. பாப்பாவுக்குச் சாப்பாடு போற வழி சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்பாள்.

கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் நன்றாக அகன்று கொடுத்திருந்தால் சத்தம் விட்டுப்போகாமல் வரும், கூடத்தை நீளமாகப் பெருக்குவதுபோல. குழாய் இறுகிக் கிடந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் துடைப்பம் வாசற்படியில் இடித்து நிற்கும். அப்படிப்பட்ட வயிற்றில் குழந்தை வளராமல் போகக்கூடும். திரையில் கோடாகவும் அது தெரியும்தான். ஆனால் அவளுக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும்.

சத்தம் சரியாக இருந்தால் வாய் திறந்துகொள்ளும். பக்கத்து வீட்டு நாயிலிருந்து தன் புருஷனின் குறட்டை வரைக்கும் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்துவிடும். சத்தம் சரியில்லை என்றால் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடிவைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு, அதனால் அந்த நேரத்தில் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியாது. நர்ஸ்களுக்கு இது மனப்பாடம். உள்ளே பேச்சு நின்றால் ஒருத்தி டாக்டரைத் தேடிக் கிளம்பிவிடுவாள்.

இதை வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தவள் அவளேதான். விழுந்து விழுந்து சிரித்தவள் அவளுடைய தங்கை.

தங்கைக்கு இரண்டு கரு நிற்காமல் போயிருந்தன. மூன்றாவது ஆறாம் மாதத்தைத் தொட்டபோது, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து அக்காவிடமே வந்து நின்றாள்.

"வேற யாராவது எடுக்கட்டும்டி. உனக்குன்னா எனக்குக் கை நடுங்கும்."

"போக்கா. உன் வாய் ஓடுறதைப் பார்த்தாதான் எனக்குத் தைரியம்."

அக்கா கருவியை வலது பக்கம் வைத்தாள். சத்தம் இடித்தது. இடது பக்கம் வைத்தாள். இன்னும் மோசமாக இடித்தது. தங்கை திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவளின் பார்வை அது. அதைத் தாங்கும் தெம்பு அக்காவுக்கு இல்லை.

"உங்க மாமா ஒரு சோபா வாங்கிட்டு வந்தாருடி" என்று ஆரம்பித்தாள். "அளவெடுத்துட்டுப் போங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா? வாசல்ல நுழையல. நேராப் பிடிச்சாங்க, சாய்ச்சுப் பிடிச்சாங்க. கடைசியில மனுஷன் வாசல்லயே அதுல கால் நீட்டிப் படுத்துட்டாரு."

தங்கை வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு டாக்டரின் அறைக்குப் போனாள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைவு, மாத்திரையை விடக்கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். தங்கையும் தலையாட்டினாள். டாக்டர் சொல்லிவிட்டார், இனி அவள் பார்த்துக்கொள்வாள் என்று அக்கா தன் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதைவிடச் சௌகரியமான சமாதானம் வேறு இருக்க முடியாது.

இரண்டு வாரம் ஆனது. தங்கை வரவில்லை. போன் போட்டால், "வரேன்கா, பஸ்ல இடுப்பு ஒடியுது, அடுத்த வாரம் வரேன்" என்றாள். ஒவ்வொரு முறையும் அன்று சத்தம் இடித்த உண்மையைச் சொல்ல அக்கா வாயெடுப்பாள்; அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் விழுங்கிவிடுவாள். ஊருக்கெல்லாம் வாயாடி, வேண்டிய இடத்தில் ஊமை.

ஏழாம் மாதமும் கழிந்த பிறகு ஒருநாள் தங்கை வந்தாள். கதவைத் திறந்து உள்ளே நுழையும்போதே அக்காவின் கண் வயிற்றில் போய் நின்றது. புடவைக்குள் மேடு போன தடவை பார்த்த அளவிலேயே இருந்தது.

"அசைவு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குக்கா. அதான் எதுக்கும் பார்த்துடலாம்னு" என்றபடி தங்கை ஏறிப் படுத்தாள்.

அக்கா முதலில் குழந்தையைத் தேடினாள். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. தலையை அளந்தாள், வயிற்றை அளந்தாள், தொடையெலும்பை அளந்தாள். வளர்ச்சியில் குழந்தை ஆறாம் மாதத்தைத் தாண்டியிருந்தால் அதிகம். பிறகு கருவியை ஓரத்துக்கு நகர்த்தி ஸ்பீக்கரைக் கூட்டினாள். துடைப்பம் வாசற்படியில் இடித்தது, நின்றது, மறுபடி இடித்தது.

"அந்த சோபா என்னாச்சுக்கா? உள்ள போச்சா?" என்று தங்கை சிரித்தபடி கேட்டாள்.

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வெளியே ஒரு நர்ஸின் செருப்புச் சத்தம் டாக்டரின் அறைப் பக்கம் விரைந்தது.

தங்கையின் சிரிப்பு மெதுவாக வற்றியது. "அக்கா, ஏதாவது பேசுக்கா."

"அன்னிக்கே இப்படித்தான்டி இருந்துச்சு" என்றாள் அக்கா.

தங்கை அழவில்லை. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஜெல் விரல்களில் ஒட்டியது.

"டாக்டர் சொன்னாரு. அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள். "நீ பேசிக்கிட்டே இருந்தியேக்கா."