கொலைகாரன் யாரென்று அப்பா சொல்லவில்லை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காருக்குக் குளிர்காலச் சக்கரம் மாற்றியது. மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில், நவம்பர் தொடக்கத்தில். நான் நட்டுகளைக் கழற்றிக் கொடுக்க, அவர் அவற்றைச் சோற்றுக் கோப்பையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இதில ஒண்டை இறுக்காமல் விட்டால் கார் எவ்வளவு தூரம் போகும்?"

"ஒண்டால ஒண்டும் நடவாது அப்பா. மூண்டை விட்டால்தான் ஆபத்து."

"மூண்டெண்டால் பொலிஸ் கண்டுபிடிச்சிடும்."

எண்பத்தாறு வயதிலும் ஆளைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த மாதம் முடியுமுன் நித்திரையிலேயே போய்விட்டார்.

அவர் பெயர் குணரத்தினம். யாழ்ப்பாணத்தில் பகலில் தபாற்கந்தோர் எழுதுவினைஞர். வார இதழில் 'நாகதாளி'. அந்தப் பெயரில் பதினொரு மர்ம நாவல்களைத் தொடராக எழுதி முடித்தார். துப்பறியும் கதை என்றால் வெளியிலிருந்து வருவது என்று எங்கள் சனம் நினைத்திருந்த காலம். இவருடைய பிணங்கள் கோண்டாவிலிலும் கொடிகாமத்திலும் விழுந்தன.

தொடரைத் தொடங்கும்போது கொலைகாரன் யாரென்று அவருக்கே தெரியாது. இதழ் வந்த பிறகு, தேவையில்லாத சவரத்துக்காகச் சலூனுக்குப் போவார். முகத்தில் சோப்புடன் கண்ணை மூடிக் கிடந்து, சனம் யாரைச் சந்தேகிக்கிறது என்று கேட்பார். சலூன் ஒரே குரலில் சொல்லும் ஆளை அடுத்த அத்தியாயத்திலேயே விடுதலை செய்துவிடுவார். நாகதாளி யாரென்று நாவிதருக்கும் தெரியாது. இதுவும் ஒரு செய்முறை. சோதித்து, திருத்தி, மறுபடி சோதிப்பது. விமான உதிரிப்பாகங்களில் விரிசல் தேடும் என் தொழிலும் ஏறக்குறைய இதுதான்.

பன்னிரண்டாவது தொடர் 'பிந்திய தந்தி'. கடைசி அத்தியாயத்துக்கு முன்பே கடதாசித் தட்டுப்பாட்டில் இதழ் நின்றது. டாக்டர், மச்சான், தந்திச் சேவகன் ஆகிய மூவரும் சந்தேகத்தில் நின்றபடியே நின்றார்கள். பிறகு யுத்தம். பிறகு மொன்றியல். இங்கே ஓய்வு பெறும்வரை தையல் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துகளுக்கு அயன் பிடித்தார். ஒரு வரியும் எழுதவில்லை.

சிவராசா எங்கள் சங்கத்தின் செயலாளர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். ஒரு புத்தக வெளியீட்டில், அப்பா முன்வரிசையில் இருக்க, இந்த வகை எழுத்தைக் "கக்கூசுக்குள்ள வாசிக்கிற சாமான்" என்றவர். சபை சிரித்தது. அப்பாவும் கை தட்டினார். எனக்கு அன்றிலிருந்து அந்த மனிதரைக் கண்டால் அரியண்டம்.

இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலரை எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். அதை அம்மா இவரிடம் ஒப்படைத்திருந்தார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நாகதாளி என்ற பெயரும் அந்த நாவல்களும் அதில் வரவேண்டும். அப்பாவுக்கென்று எஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

சிவராசா கொண்டுவந்து காட்டியதில் அப்பா "சைவநெறி பிறழாத சான்றோர்". படத்தில் நெற்றி நிறைய விபூதி. அப்பா விபூதி பூசி நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் பூசியிருந்தார்கள். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது. விபூதியில் விழவில்லை.

"மாமா, நாவல்கள் எங்கை?"

"பிள்ளை, இது தேவாரம் படிக்கிற புத்தகம். சனம் சாமியறையில வைக்கும். அதுக்குள்ள 'தலையில்லாத மாப்பிள்ளை' எண்டு போடேலுமே?"

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"சீ! ஆரோ சொல்லிக் கேள்வி."

"நாகதாளி எண்ட பேரையாவது போடுங்கோ."

"முள்ளுப் பத்தையின்ர பேர். அந்தரமாயிருக்கும். பேந்து, அது அச்சுக்கும் போயிட்டுது."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"விடு பிள்ளை," என்றார் அம்மா. "நாலு பேர் வாற இடம்."

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்தது. நாலு பேரும் வந்தார்கள். கல்வெட்டை வாங்கி, புரட்டாமல் இருக்கையில் வைத்து, அதன்மேல் கோட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சிவராசா மேடையில் "அன்னாரின் ஆன்மிகப் பணி" பற்றிப் பேசினார். நான் சாப்பிடவில்லை.

போகும்போது, பூட்ஸ் மாட்டக் குனிந்த சிவராசா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். மீசையில் பாயாசம்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? 'பிந்திய தந்தி'யில டாக்குத்தர்தானே செய்தது? அப்பா ஏதும் சொன்னவரோ?"

"நீங்கள் வாசிக்கேல்லை எண்டீங்கள்."

"அப்ப நாங்கள் பெடியள். பூகோளப் புத்தகத்துக்குள்ள வைச்சு..." சுற்றிப் பார்த்துக் குரலைத் தணித்தார். "டாக்குத்தரின்ர கையில ஒரு காயம் வருமெல்லோ? மச்சானெண்டால் அந்தக் காயம் ஏன்? இவ்வளவு காலமும் எனக்கு அது விளங்கேல்லை."

"கல்வெட்டில பாருங்கோ மாமா," என்றேன்.

அடுத்த நாள் அப்பாவின் போனுக்கு அழைப்பு வந்தது. செயின்ட்-மிஷேல் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வயதான பெண் குரல்.

"நாகதாளி மாஸ்டர் நிக்கிறாரோ?"

தன் பெயர் அல்போன்சம்மா என்றார். கண் தெரியாதாம். அப்பா அங்கே போய், மறந்த இடங்களை இட்டுக்கட்டி, 'பிந்திய தந்தி'யைத் தொடக்கத்திலிருந்து சொல்லி வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. வாறன் என்று சொன்னவராம். அப்பா போன செய்தியை அல்போன்சம்மாவுக்கு யாரும் அறிவிக்கவில்லை. நான் சொன்னேன்.

"என்ர யேசுவே," என்றார். "இஞ்ச நாங்கள் ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னனாங்கள். எல்லாத்தையும் கேட்டு வைச்சுக்கொண்டு, முடிவோட வாறன் எண்டவர். ஆரெண்டு உம்மட்டையும் சொல்லேல்லையோ மகள்?"

"இல்லை அன்ரி."