யாரும் கேட்காத மாற்றுச் சான்றிதழ்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தங்கை நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். திருத்தங்கல் அச்சகத்தில் மற்றப் பக்கங்கள் எல்லாம் தயார். இந்தப் பக்கத்துக்கு மட்டும் மூன்று வாரம் ஆகிவிட்டது. காரணம் பயம்தான்.

அக்கா அச்சங்குளத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். மழை இல்லாத வருடங்களில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்து ஆசிரியையானார்; தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றார். அதே பள்ளி அலுவலகத்தில் நான் எழுத்தர். பிள்ளைகளைக்கூட அவர் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். "உங்க அக்கா பள்ளிக்கூடம் நடத்துறாகளா, சம்பந்தம் பேசுறாகளா?" என்று ஊரார் என்னிடம் செய்த கிண்டல் கொஞ்சமில்லை.

சில வருடங்களுக்கு முன் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் விபத்து நடந்தது. இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் எங்கள் பிள்ளைகளின் வீட்டார். விபத்துக்குக் காரணம் என்று எல்லோரும் சொன்ன போர்மேன் தலைமறைவாகிவிட்டார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு.

வீட்டைவிடப் பள்ளிதான் பத்திரம் என்று மறுநாள் அவளுடைய அம்மா அவளை அனுப்பிவைத்தார். அவள் இருந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கரும்பலகையில் 'கொலைகாரன் மக' என்று எழுதியிருந்தார்கள். ஆட்கள் திரண்டு வருவார்கள், கல் விழும், அக்காவை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயந்து, அந்தப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை எழுதி அக்காவின் மேசையில் வைத்தேன்.

"யாருடி கேட்டா?"

"இன்னும் யாரும் கேக்கலக்கா. கேப்பாக."

அக்காவுக்கும் பயம் இருந்திருக்கிறது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் கூச்சல். ஒருவர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய மனைவி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அவள வெளிய அனுப்புங்க டீச்சர்! எம் பொண்டாட்டி அங்கன கருகிக் கெடக்கா, அவன் மக இங்கன பாடம் படிக்காளா?"

"உக்காருங்கண்ணே. அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்ல வந்தீகளோ, அத எங்கிட்ட சொல்லுங்க. எம்புட்டு நேரமானாலும் கேக்கேன்."

அவர் மேசையில் அடித்துக் கத்தினார். சான்றிதழ் அங்கேயேதான் கிடந்தது. அவர் கண்ணில் பட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு அதோடு முடிந்தது. அக்கா அதன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் பீரோ ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். கத்தி ஓய்ந்த பிறகு அவர், "அவ கண்ணத் தொறக்கல டீச்சர்" என்று அழுதார். வீட்டில் பிள்ளைகளுக்கு யார் சமைக்கிறார்கள் என்று அக்கா கேட்டார். அவர் போன பிறகு அக்கா சான்றிதழைக் கிழித்தார். வகுப்புக்குப் போய்ப் பலகையைத் தானே அழித்தார்.

"பேசப் பிடிக்கலைன்னா பேச வேண்டாம். கூப்பிட்டா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார். அதற்கு மேல் யாரையும் வற்புறுத்தவில்லை. அன்று வந்து கத்தியவரின் மனைவி பிழைத்துக்கொண்டார். பெஞ்சில் ஆள் சேர ஒரு மாதம் ஆயிற்று.

சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்திருந்த கடைசி நாட்களில், நர்சிங் படிக்கும் அந்தப் போர்மேனின் மகள் வந்து பக்கத்திலேயே இருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னா நான் படிச்சே இருக்க மாட்டேன் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லாமல் நான் அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன். அவள் போனதும் அக்கா, "சொல்லிருடி. அவகிட்ட நீயே பேசு" என்றார். ஒரு வருடமாக எனக்கு வாய் வரவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஆசிரியர்களுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நர்சிங் படிக்கும் மகளே, நீயும் இந்த மலரை வாசிப்பாய். உன் சான்றிதழை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன். இன்றைய நினைவு நாள் பந்தியில் நான்தான் பரிமாறுவேன். உன் இலைக்கு முன்னால் எப்படி வந்து நிற்கப்போகிறேன் என்று தெரியவில்லை. சாப்பிடாமல் மட்டும் போய்விடாதே.