அண்ணாவின் ஜெனரலும் மேசன்தான்

அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுதப்போகிறேன் என்றதும் மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பிள்ளை, வம்சத்திலை இருந்து தொடங்கு." அம்மாவின் தமையனான அவருக்கு வம்சம் என்றால் உயிர். அப்படியே தொடங்குகிறேன். ஆனால் எங்கள் வம்சத்தோடு மட்டும் இது நிற்காது, கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு புரட்சித் தளபதியின் வம்சமும் கூடவே வரும். அண்ணாவோடு பழகியவர்கள் இப்போதே சிரிப்பீர்கள்.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே கண்மூடிவிட்டார். அண்ணாவுக்குப் பின்னால் நாங்கள் நான்கு தங்கைமார், கடைக்குட்டி நான். அண்ணா புத்தகங்களை மூடிவைத்துவிட்டு ஒரு மேசனோடு கூலிக்குப் போனார். கல்லடுக்கிச் சாந்து பூசி வீடு கட்டுபவர்தான் எங்களுக்கு மேசன், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. வாத்தியாரின் மகன் சாந்து குழைப்பதா என்று சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள். அந்தச் சாந்தில்தான் மூன்று அக்காமாரும் கரையேறினார்கள்.

பிறகு நாட்டில் நடந்த சண்டை எங்களை ஊரைவிட்டுக் கிளப்பியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணாவும் நானும் கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். கோடையில் அண்ணா ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடுகளுக்குக் கல் கட்டப் போவார். குளிர்காலத்தில் வேலை இல்லை. யன்னலருகே தேத்தண்ணியோடு இருந்து, பனி கொட்டுவதைப் பார்த்தபடி, "வானம் வெள்ளையடிக்குது" என்பார். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு எல்லாமே வெள்ளையாக, சத்தமில்லாமல், பாதித் தூக்கத்தில் கண்டதுபோலத்தான் வருகிறது.

அப்படி ஒரு நாள் லிஃப்டில் கீழ் மாடிக் கிழவரைச் சந்தித்தோம். அமெரிக்காவில் பிறந்து இங்கே வந்து குடியேறியவர், பெயர் வோல்ரர். அவருடைய மோதிரத்தில் கல்வேலைக்காரரின் மூலைமட்டமும் கவராயமும் பொறித்திருந்தன. அண்ணாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"யூ மேசன்?"

"யெஸ், மேசன்," என்றார் கிழவர், ஆச்சரியத்தோடு.

"மீ மேசன்!"

இருவரும் நெடுநேரம் கைகுலுக்கினார்கள். லிஃப்ட் கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு வோல்ரர் அண்ணை. அவர் வீட்டுச் சுவரில் அந்தத் தளபதியின் படம் இருந்தது. அமெரிக்கப் புரட்சிப் படையை நடத்தியவர், இடுப்பில் ஏப்ரன், கையில் சாந்தகப்பை. "ஹீ வாஸ் எ மேசன் டூ," என்றார் வோல்ரர் அண்ணை. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் நான் மொழிபெயர்த்தேன். அந்தத் தளபதி தகப்பனை இளவயதிலேயே இழந்தவராம். முன்னோர் சொந்த நாட்டில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் கப்பல் ஏறியவர்களாம்.

"அகதி எண்டு சொல்லன்," என்றார் அண்ணா.

போரில் பிரெஞ்சுக்காரர் கப்பலும் படையுமாக வந்து துணை நின்றார்களாம், அவர்களில் சிலரும் மேசன்மாராம். "பாத்தியே, தொழிலாலை சொந்தம்," என்று அண்ணா தலையாட்டினார்.

அதன்பின் அந்தத் தளபதி "எங்கட ஜெனரல்" ஆகிவிட்டார். அண்ணா கதை சொல்லும்போது பிரெஞ்சுக் கப்பல்கள் எங்கள் ஊர்ப் பருத்தித்துறைக் கடலில்தான் வந்து நிற்கும். ஜெனரல் கையிலிருந்த சாந்தைத் துடைத்துவிட்டுக் குதிரை ஏறுவார், இங்கிலாந்து ராசா ஓடுவார். என் கனவிலும் ஒருமுறை அந்த ஜெனரல் வந்தார். பனியில் வெள்ளைக் குதிரை, ஏப்ரன், திரும்பிப் பார்த்தால் அண்ணாவின் முகம்.

பள்ளிக்கூட நூலகத்தில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அந்த மேசன்மார் கல்லடுக்குபவர்கள் அல்லர், அது ஒரு சகோதரச் சங்கம், மூலைமட்டமெல்லாம் அடையாளம்தான். அண்ணாவிடம் நான் சொல்லவில்லை. எத்தனையோ வருடம் குனிந்து நின்ற மனிதர் அப்போதுதான் நிமிர்ந்திருந்தார்.

பிறகு எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவர், வங்கியில் வேலை. றிச்மண்ட் ஹில்லிலிருந்து குடும்பமாக வந்தார்கள். எங்களுக்குப் பின்னால் கனடா வந்து சேர்ந்திருந்த மாமா அண்ணாவைக் குசினிக்குள் இழுத்துப்போய், "மேசன் எண்டு வாய் திறந்திடாதை. கட்டடப் பகுதியிலை வேலையெண்டு சொல்லு, காணும்," என்றார். அண்ணா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார், "தம்பி என்ன செய்யிறார்?"

"நான் மேசன்," என்றார் அண்ணா. அதோடு விட்டாரா? "அமெரிக்காவிலை ராசாவை அடிச்சுக் கலைச்ச ஜெனரலும் மேசன்தான். கல்லுக் கட்டினவர்."

மாமா பலகாரத் தட்டை அவசரமாக நீட்டினார். சரித்திரம் படித்தவருக்கு முன்னால் இந்தக் கதையா? அவர் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், அண்ணா பழையபடி குனிந்துவிடுவார். அப்படி நடந்தால் இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

மாப்பிள்ளை அண்ணாவை நிமிர்ந்து பார்த்தார். "ஓம் அண்ணை, அவர் மேசன்தான். நானும் படிச்சிருக்கிறன். நீங்கள் மிச்சத்தையும் சொல்லுங்கோ, பிரெஞ்சுக்காரர் எப்ப வந்தவை?"

அண்ணா கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். தேத்தண்ணி ஆறியே போனது.

அண்ணாவின் படத்துக்குக் கீழே "கட்டட நிபுணர்" என்று போடச் சொன்னார் மாமா. "மேசன்" என்றே போட்டிருக்கிறோம். மாமா பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அண்ணாவின் நோய்க்காலத்தில் பக்கத்தில் நின்ற வைத்தியர்கள், தாதியர், சோறு கொண்டுவந்த அயலவர், பெட்டியைத் தோளில் தாங்கிய அவருடைய வேலைத் தோழர்கள், தடியூன்றி வந்து அண்ணாவின் கையை ஒருமுறை பற்றிக் குலுக்கிய வோல்ரர் அண்ணை, எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இன்னுமொரு நன்றி பாக்கியிருக்கிறது, அது அண்ணாவுக்கு. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடியபடி அவர் சொன்னார்:

"பிள்ளை, வோல்ரர் அண்ணையின்ரை கையைப் பிடிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும், அவை எங்களைப்போலை மேசன்மார் இல்லையெண்டு. கல்லுத் தூக்கின கையே அது? பஞ்சு."

"அப்ப ஏன் அண்ணா மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு முன்னாலை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மாப்பிள்ளை சரித்திரம் படிச்சவர் எண்டு முதலே விசாரிச்சு வைச்சிருந்தனான். தெரிஞ்ச மனுசன் தெரியாதவனை என்னெண்டு நடத்திறான் எண்டு பாக்கவேணும். தங்கச்சியைக் குடுக்கிறன், மட்டம் பிடிச்சுப் பாக்காமல் குடுக்கேலுமே?"

மட்டம் சரி, அண்ணா. இன்றுவரை சரி.