அக்கா கேட்காத மன்னிப்பு

ஜப்பான் மொழி தமிழர்களுக்குச் சுலபம் என்று சொல்கிறவர்கள் யாரும் அதைப் படித்ததில்லை. என் மாமா ஒருவர் குடும்ப வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு வீடியோ அனுப்புவார். இரண்டும் அக்கா தங்கை மொழிகளாம், வாக்கியம் ஒரே மாதிரி போகுமாம், வினைச்சொல் கடைசியில் வருமாம். வரட்டும். அந்தக் கடைசியில் என்ன வந்தது என்று எனக்குப் பிடிபடுவதற்குள் எதிரில் நிற்கிறவர் பேசி முடித்து, குனிந்து வணங்கி, தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

மலாக்காவில், செங் என்ற இடத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில், பொருள்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் பதினோரு வருடம் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வேலையில் நாற்காலி கிடையாது. மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் மாடியில், ஏர்கோனுக்குக் கீழே ஒரு மேசை இருந்தது. அதில் இருந்த மலாய்ப் பெண் சில மாதங்களில் பிரசவ லீவில் போகப் போகிறாள், அப்படியே கணவரோடு ஜொகூருக்குப் போய்விடுவாள் என்று கேள்விப்பட்ட அன்றே கம்பெனி நடத்திய ஜப்பான் மொழி வகுப்பில் பெயர் கொடுத்தேன். மொழி மேல் ஆசை எல்லாம் இல்லை. கால் வலிதான் காரணம்.

வகுப்பு வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்ததும் கேன்டீனில் நடக்கும். பொரித்த மீன் வாடை போயிருக்காது, மேசை எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டும். மலாக்கா டவுனில் ஒரு சீனரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்ட ஜப்பானிய அம்மாதான் எங்களுக்கு ஆசிரியர். 'சென்சேய்' என்று கூப்பிட வேண்டும். அவர் கொண்டுவந்த புத்தகத்தில் எல்லாரும் எப்போது பார்த்தாலும் ரயில் நிலையத்தில் டிக்கெட் மெஷினைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். இல்லையென்றால் பனி பெய்தது. புக்கிட் ரம்பாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு ஒழுங்காக பஸ்ஸே வருவதில்லை. மூன்று மாதம் நான் பனியைப் பற்றிப் பேசிப் பழகினேன்.

வீட்டிலும் பேசிப் பழகச் சொன்னார் சென்சேய். வெளியே போய்விட்டு உள்ளே நுழையும்போது 'ததய்மா' என்று சொல்ல வேண்டுமாம், வந்துவிட்டேன் என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர்கள் அதற்கு ஒரு பதில் சொல்வார்களாம். நான் கதவைத் திறந்து "ததய்மா" என்றேன். உள்ளே இருந்து என் கணவர், "கேஸ் முடிஞ்சிருச்சு, கடையில சொல்லிட்டு வந்தியா?" என்றார். எங்கள் வீட்டில் மொழி வளர்ந்த லட்சணம் அதுதான்.

எழுத்துகளைக்கூட மென்று விழுங்கிவிட்டேன். என்னால் விழுங்க முடியாதது மன்னிப்பு. ஒருநாள் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். பேக்கிங் பகுதியில் நிறுத்திவைத்துவிட்டார்கள், அதைத்தான் சொன்னேன். சென்சேய் தலையை மெதுவாக ஆட்டினார். முதலில் காரணம் சொல்லக் கூடாது, காரணம் சொன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பது போலக் கேட்கும், முதலில் மன்னிப்பு, பிறகு அவர்களே காரணம் கேட்பார்கள் என்றார். "மோஷிவகே அரிமசென்" என்று பத்து தடவை குனியவைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பே செய்யாதவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நான் ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா பால் வெட்டப் போனவர். கிராணியிடம், அதாவது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம், எதையும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் தப்புதான் என்று வாயைத் திறந்தால் அன்றைய பேர் வெட்டப்படும், கூலி கிடையாது. தொழிற்சாலையிலும் அதே கதைதான், கிராணிக்குப் பதிலாக எச்.ஆர். அவ்வளவே. எங்கள் ஆட்கள் வாயில் மன்னிப்பு என்ற சொல் சினிமாவில் வந்தால்தான் உண்டு. அதை ஒரு ஜப்பானிய அம்மா மீன் வாடைக்கு நடுவில் எனக்குள் இறக்கினார். ஆறு மாதத்தில் இறங்கியும்விட்டது. ஃபோனில் பேசும்போதுகூட நான் குனிவதைப் பார்த்து என் மகள் சிரிப்பாள்.

எங்கள் லைனில் லேபிள் ஒட்டும் மேசையில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரெம்பியாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். மதியம் அவர் டப்பாவில் இருக்கும் நெத்திலிச் சம்பலில் பாதி எனக்கு. நான் சாப்பிட்டுக்கொண்டே ஜப்பான் எழுத்தை எழுதிப் பார்த்தால், "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குலா, சாப்புடு மொதல்ல" என்பார். அவர் வேலை நிரந்தரம் இல்லை, வருடத்துக்கு வருடம் கையெழுத்துப் போடும் கொன்ட்ராக். அந்த வருடம் மாசி மகத்துக்கு லீவு கேட்டார், கிடைக்கவில்லை, காவடி எடுக்கிற மகனை விட்டுவிட்டு வர முடியாது என்று போய்விட்டார். அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இரண்டாவது கடிதம் வந்தால் அடுத்த கொன்ட்ராக் கிடையாது. இது லைனில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மலாய்ப் பெண் லீவில் போன இரண்டாம் வாரம், வாடிக்கையாளர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார். லேபிள் மாறிப் போயிருந்தது. ஜப்பானிய மேலாளர் அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கீழே வந்தார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வகுப்புக்குப் போகிறவள் என்று என்னைக் கூப்பிட்டு, இது எப்படி நடந்தது என்று அந்த அக்காவிடம் கேள் என்றார். நான் கேட்டேன்.

அக்கா ஒரு மூச்சில் சொன்னார். "மெசின் லேபிள மாத்தி மாத்தித் துப்புதுன்னு ரெண்டு தடவ டெக்னீஷியன்கிட்ட சொன்னேன்மா. வந்து எட்டிக்கூடப் பாக்கல. எந்தப் பெட்டியில எது போச்சுன்னு நான் என்னாத்தக் கண்டேன்? என் மேல தப்பில்ல. அப்படியே சொல்லு."

அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு படித்த பாடம் தொண்டையில் தயாராக இருந்தது. முதலில் மன்னிப்பு, பிறகு காரணம். அக்காவின் சார்பில் நான் இடுப்பு வரை குனிந்து, "மோஷிவகே அரிமசென்" என்றேன். நான் குனிவதைப் பார்த்த அக்கா, பெரியவருக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்து, பாவம், அவரும் கைகளை ஒன்று சேர்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

மேலாளரின் முகம் மலர்ந்தது. புரிந்தது என்றார். அக்காவுக்கும் பதிலுக்குக் குனிந்தார். பிறகு என்னைப் பார்த்து, உன் ஜப்பான் மொழி நன்றாக இருக்கிறது என்றார். பதினோரு வருடத்தில் மாடியிலிருந்து இறங்கிவந்த யாரும் என்னிடம் எதுவும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மெஷின், டெக்னீஷியன், இரண்டு தடவை எல்லாம் என் நாக்கில் இருந்தன. அவர் கேட்பார், கேட்டதும் சொல்லலாம் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தால் தடுமாறுவேன், இப்போது கிடைத்த பாராட்டு போய்விடும் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவர் பெட்டியோடு படியேறினார்.

"சொன்னியாமா?" என்று அக்கா கேட்டார்.

"சொல்லிட்டேன்கா," என்றேன்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். "ஓப்பிஸ்ல சூராட் குடுத்தாங்க. இங்கிலீஸ்ல இருக்கு. என்னான்னு பாரு." ஊழியர் தன் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார், ஆகவே இது இரண்டாவது எச்சரிக்கை என்று இருந்தது. வாசித்துச் சொன்னேன். எப்படியோ சொன்னேன். அக்கா சம்பல் டப்பாவைத் திறக்காமலே கேட்டார், "நான் எப்பமா மன்னிப்புக் கேட்டேன்?"

சொல்லிவிட்டேன். அங்கேயே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், நான்தான் சொன்னேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அன்று மாலையே மாடிக்குப் போனேன். வாக்கியங்களைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தும் பாதிதான் வந்தது. மேலாளர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே திகைப்பு. அந்த அம்மா நேர்மையாக மன்னிப்புக் கேட்டார், நல்ல மனப்பான்மை என்று புகழ்ந்துதான் அறிக்கையில் எழுதினேன் என்றார். அவர் ஊரில் மன்னிப்புக் கேட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடுமாம். இங்கே அதிலிருந்துதான் ஆரம்பம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, எனக்கு மட்டும் பிறந்ததிலிருந்து தெரியும். எச்.ஆரிடம் போய்ப் பேசு, நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றார். சொன்னாரா இல்லையா, எனக்குத் தெரியாது.

எச்.ஆரில் இருந்தவன் தமிழ்ப் பையன்தான். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். "அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு ரிப்போட்ல இருக்குக்கா. நீங்கதானே டிரான்ஸ்லேட் பண்ணீங்க? தப்பா பண்ணிட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, நான் மேல அனுப்புறேன். சிம்பிள்லா."

சிம்பிள்தான். ஒரே தாள். ஆனால் அந்த மாதம்தான் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு என் பெயர் மேலே போயிருந்தது. தப்பாக மொழிபெயர்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளை எவன் அந்த நாற்காலியில் உட்காரவைப்பான்? அந்தக் கம்ப்யூட்டரை அவன் தலையில் போடலாம் போல இருந்தது. சென்சேய் மேல், மாமாவின் வீடியோ மேல், வராத டெக்னீஷியன் மேல், எல்லார் மேலும் ஆத்திரப்பட்டேன். நாளைக்கு எழுதலாம் என்று வந்துவிட்டேன். மறுநாளும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். வேலை உறுதியானதும் எழுதலாம், அப்போது என்னைத் தூக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கும் போட்டேன். வேலை உறுதியானது. அதற்குள் அக்காவின் கொன்ட்ராக் முடிந்து, அவர் பஸ்ஸில் வருவது நின்றுபோயிருந்தது. இனி எழுதி என்ன ஆகப் போகிறது என்று அப்போது தோன்றியது. எனக்கு வசதியாகத்தான் தோன்றியது.

மாடி மேசையில் உட்கார்ந்து நான்கு மாதம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெம்பியாவுக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார். உள்ளே வரச் சொன்னார், மைலோ கலக்கிக் கொடுத்தார், மகளின் படிப்பை விசாரித்தார். புறப்படும்போது வாசலில் நின்று, மன்னிப்புக் கேட்டுப் பழகாத என் தமிழில், "என்ன மன்னிச்சிருங்கக்கா," என்றேன்.

அவர் ஒரு சட்டையை உதறிக் கம்பியில் போட்டார். "யாருக்காகச் சொல்ற?"

"எனக்காகத்தான்கா."

"சரி, அது ஒன்னோடது. நீ சொல்லிட்ட, நானும் கேட்டுக்கிட்டேன்." அடுத்த சட்டையை எடுத்தார். "ஓப்பிஸ்ல எம்பேர்ல ஒரு மன்னிப்பு கெடக்குதே, அத எப்ப திருப்பி வாங்கப் போற?"