சித்தப்பா சட்டைப்பைக் கல்

என் சித்தப்பாவுக்குப் புதைபொருள் ஆராய்ச்சி இலாகாவில் வேலை. தோண்டுகிற வேலை என்றதும் எங்கள் திருக்கோகர்ணம் தெருவே தங்கக் காசை எதிர்பார்த்தது. அவரோ கோணி கோணியாக இரும்புக் கிட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அந்தக் காலத்து ஜனங்கள் இரும்பு உருக்கியபோது ஒதுக்கித் தள்ளிய கறுப்புக் கழிவு அது. வேண்டாம் என்று அவர்களே விட்டுப்போனதை இவர் ஏன் சுமக்கிறார் என்று அம்மாவுக்குத் தீராத ஆற்றாமை.

கல் பொறுக்குகிறவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கடைசியில் கறம்பக்குடி போகும் வழியிலுள்ள ஓர் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான் என்று அம்மா பயந்தாள். விவசாயக் குடும்பம், வீட்டில் நெல் மூட்டை தெரிந்தால்தான் மதிப்பு. எனவே கிட்டக் கோணிகளைக் கூடத்து மூலையில் அடுக்கி, வாயைக் கட்டி, மேலே நெல் அளக்கிற மரக்காலையும் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் மூளையே மூளை!

நெல்லைக் கண்டால் நாலு மணியைக் கடித்துப் பார்க்காமல் விவசாயியால் இருக்க முடியுமா? பெண்ணின் அப்பா காபி குடித்த கையோடு ஒரு கோணியின் கட்டை அவிழ்த்துக் கையை விட்டார். வந்தது கறுப்புக் கல். அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

சித்தப்பாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. “உருகி வழிஞ்ச தடம் தெரியுதுங்களா?” என்று ஆரம்பித்துவிட்டார்.

“இதையா மூட்டை கட்டி வச்சிருக்கீங்க? எங்க புஞ்சை மேடு பூராம் இதுதான் தம்பி.”

“அப்படியா? இப்பவே வாரேன்!”

அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு அவர்களோடேயே பஸ் ஏறிவிட்டார்.

“பொண்ணு பாக்கக் கூப்பிட்டா வரமாட்டாரு, கல்லுன்னதும் ஓடுறாரு” என்று அம்மா அழுதேவிட்டாள்.

பொழுது சாய அரைக் கோணிக் கல்லோடு திரும்பினார். ஒரு கல் மட்டும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் இருந்தது. எங்கே எடுத்தது என்று ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை மையால் எழுதுகிறவர், அதில் எழுதவில்லை. நான் நினைவூட்டினேன். “அது மறக்காது” என்றார். வேகாத வெயிலில் மேடு முழுக்கச் சுற்றியவரைப் பெண்ணின் அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று போலும். தையில் கல்யாணம் நடந்தது.

புதுச் சித்தியிடம் அந்தக் கல்லைக் காட்டிப் பெருமையடித்தேன். “இது ரொம்ப விசேஷம் சித்தி. ஆழமாத் தோண்டி எடுத்தது.”

சித்தி சிரித்தாள். “தோண்டல்லாம் இல்ல கண்ணு. அன்னைக்கு மேட்டுல நாந்தான் பொறுக்கிக் குடுத்தேன்.”

அப்படியென்றால் அது சாதாரணக் கல்தானே என்று எனக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது.