டிராஃப்டர் சாருக்கு முதலாண்டு

பேர் என்னவோ வேறு; கல்லூரியில் யாரைக் கேட்டாலும் அவர் டிராஃப்டர் சார்தான். பலகையின் மூலையில் மாட்டி நேர்க்கோடு இழுக்கிற அந்தக் கருவியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நுழைந்தால் முதலாண்டுப் பிள்ளைகள் மூச்சுவிட மாட்டார்கள். அது ஒரு காலம்! மழை பிடித்தால் வரைதாளைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடி வருவார்கள்; ஆள் நனைந்தாலும் தாள் நனையக் கூடாது. சீவிய பென்சில் வாசனையில் அந்தக் கூடமே மணக்கும்.

இப்போது அங்கே கணினிகள். பொறியியல் வடிவமைப்பைப் புது மாதிரியாகச் சொல்லித்தர வேண்டுமாம். அதற்கு ஆசிரியர்களுக்கே பயிற்சியாம். "இதுல தேறலேன்னா உங்களுக்கு முதலாண்டு வகுப்பு கிடையாது சார். பரீட்சைப் பிரிவைப் பாத்துக்குங்க" என்று முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முதலாண்டு இல்லாமல் மனிதர் எதை வைத்துப் பிழைப்பார்? வீட்டில் புலம்பித் தீர்த்தார். "போய் உக்காந்து கத்துக்கிட்டு வாங்களேன், கிரீடம் ஒண்ணும் இறங்கிடாது" என்றார் மனைவி.

பயிற்சி கொடுக்க வந்தவள் அவரிடமே படித்தவள். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பை வடிவமைக்கச் சொன்னாள். சார் வரிந்துகட்டிக்கொண்டு முன்தோற்றம், மேல்தோற்றம், அளவு எல்லாம் போட்டு அச்சடித்த மாதிரி நீட்டினார்.

"பிரமாதம் சார். இந்த மேடத்துகிட்ட என்ன கேட்டீங்க?"

"கேக்குறதா? எந்தப் பை நல்லதுன்னு அவங்களுக்கு விளக்கமா சொன்னேனே!"

அவர் மட்டுமா? அறையில் இருந்த அத்தனை பேரும் விளக்கித்தான் தள்ளியிருந்தார்கள். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் வாத்தியார்கள், பின்னே எப்படி இருக்கும்! விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசி நாள் தேர்வு. தான் செய்த ஒன்றைப் பற்றி, அதை அனுபவித்த ஒருவரிடம் கேட்க வேண்டும். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது, பேசினால் தேறவில்லை. என் வகுப்பைவிட நான் செய்த உருப்படியான காரியம் வேறென்ன என்று நினைத்தவர், பயிற்சி கொடுக்க வந்த அவளிடமே நேரே போனார்.

"என் வகுப்பு உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் ரொம்பத் தயங்கினாள். "நான் இடதுகைக்காரி சார். டிராஃப்டரை எல்லாரும் இடது மூலையிலதான் மாட்டணும்பீங்க. என் கை அதுலயே இடிக்கும், கோடு கோணும். கோழிக்கிறுக்கல்னு தாளைக் கிழிச்சுப் போடுவீங்க. ஹாஸ்டல்ல போய் அழுதிருக்கேன்."

அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். முதலாண்டு போய்விடுமே என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிட, இதைக் கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது.

"அவ்வளவுதான் சார்" என்று சிரித்தாள் அவள். "தேறிட்டீங்க. முதலாண்டு உங்களுக்குத்தான்."

எத்தனை ஏங்கிக் கிடந்தார் இந்த வார்த்தைக்கு! சந்தோஷம்தான் வரவில்லை.

"இப்பவாவது வலது மூலையில மாட்டி வரையுறியாம்மா?"

"கையால வரையுறதையே அந்த வருஷத்தோட விட்டுட்டேன் சார்" என்றாள்.